துன்மார்க்கனின் விளக்கு

இறைவனின் வசனம் காலுக்குத் தீபம், பாதைக்கு வெளிச்சம் என்று சொல்லும் வரி, தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களிலும் வசனக் காலண்டர்களிலும் அடிக்கடி கண்ணில் படுவது. அது 119ஆம் சங்கீதத்தின் 105ஆம் வசனம். எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனம் வீதம் 176 வசனங்கள் கொண்ட அந்தச் சங்கீதத்தில், ஒவ்வொரு எட்டு வசனமும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. 105ஆம் வசனம் பதினான்காம் எழுத்தான நூன் என்பதற்குரிய பகுதியின் முதல் வசனம். விளக்குக்கு எபிரேயத்தில் 'நேர்' என்று பெயர். அந்தச் சொல் நூன் எழுத்தில் தொடங்குகிறது. அரிச்சுவடியின் வரிசை கேட்டதால் விளக்கு அந்த இடத்தில் ஏற்றப்பட்டது என்று சொன்னால் பக்தர்கள் வருந்தக்கூடும். ஆத்திசூடியை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்களுக்கோ எழுத்து வரிசை அறத்துக்கு இடையூறாகத் தோன்றுவதற்குக் காரணமில்லை.

ஆனால் நான் இங்கே பேச விரும்புவது சுவரில் தொங்காத இன்னொரு விளக்கைப் பற்றி. 'நீதிமானின் வெளிச்சம் மகிழும். துன்மார்க்கனின் விளக்கோ அணைந்துபோகும்' என்று நீதிமொழிகள் 13:9 சொல்கிறது. (வசனங்களை இந்தப் பதிவில் என் சொற்களிலேயே தருகிறேன்; வேதாகமப் பதிப்புகளின் வாசகம் வேறாக இருக்கும்.) இந்த ஒரு வாக்கியத்தை நம்பியவர்கள், அதை வைத்து அடுத்தவரைக் குத்தியவர்கள், அதை மறுத்தவர்கள், மறுக்கக்கூடச் சலித்துக்கொண்டவர்கள் என எல்லோரும் ஒரே திருநூலின் அட்டைகளுக்குள் இருக்கிறார்கள். பழைய எபிரேயக் கவிதையையும் ஞான இலக்கியத்தையும் தனித்தனிப் பொன்மொழிகளாகக் கத்தரித்துப் படிப்பதில் எனக்கு உள்ள மனத்தாங்கல் இதுதான்: அவற்றுள் பல வசனங்கள் யாரோ ஒருவருக்குச் சொல்லப்பட்ட பதில்கள், எதிராளி பேசியதை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் மாட்டிவைக்கிறோம்.

நூல்களின் பெயர்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். யூதர்கள் தங்கள் திருநூலை மூன்றாகப் பகுத்து, நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், எழுத்துகள் என்று அழைக்கிறார்கள். சங்கீதம், நீதிமொழிகள், யோபு, உன்னதப்பாட்டு, புலம்பல், பிரசங்கி ஆகியவை மூன்றாம் பகுதியில் அமைகின்றன. கத்தோலிக்கர்கள் படிக்கும் தமிழ்ப் பதிப்பில் சங்கீதம் திருப்பாடல்கள் என்றும், பிரசங்கி சபை உரையாளர் என்றும், உன்னதப்பாட்டு இனிமைமிகு பாடல் என்றும் பெயர் பெறும். இவற்றுள் சங்கீதம், நீதிமொழிகள், யோபு என்ற மூன்றுக்கும் மரபுவழி எபிரேயப் பிரதிகளில் தனியான ஓசைக் குறியீடுகள் உள்ளன. மற்ற நூல்களின் குறியீடுகள் இவற்றுக்குப் பொருந்துவதில்லை. யோபுவின் உரைநடை முன்னுரையும் முடிவுரையும் பொதுக் குறியீட்டிலும், நடுவிலுள்ள கவிதை இந்தத் தனிக் குறியீட்டிலும் அமைந்திருப்பதைப் பார்த்தால், எது கவிதை என்ற உணர்வு அந்தப் பிரதியாளர்களிடம் எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பது தெரியும்.

எபிரேயக் கவிதையில் எதுகை கிடையாது. தமிழ் யாப்பைப் போல எண்ணிக் கட்டிய சீர் அமைப்பும் கிடையாது. ஓர் அடி, அதற்கு இணையாக இன்னோர் அடி, சில வேளைகளில் மூன்றாவதாக ஓர் அடி. அடிக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சொற்கள். ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் லவுத், 1753இல் லத்தீன் மொழியில் வெளியான தம் சொற்பொழிவுகளில் இந்த அமைப்பை விளக்கி, ஒத்த இணை, எதிர் இணை, தொடர் இணை என்று மூன்றாக வகுத்தார். அந்த வகைப்பாடு பாடநூல்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது செய்த கேடும் உண்டு: இரண்டாம் அடி முதல் அடியை வேறு சொற்களில் திருப்பிச் சொல்கிறது என்ற எண்ணத்தை அது பரப்பியது. திருப்பிச் சொல்வதற்காக ஒரு கவிஞன் அடியைச் செலவழிப்பானா என்ற கேள்வியை 1981இல் வேதாகமக் கவிதை ஆய்வாளர் ஜேம்ஸ் கூகெல் வலுவாக எழுப்பினார். முதலடி ஒன்றைச் சொல்ல, இரண்டாமடி 'அது மட்டுமா, இதையும் கேள்' என்று மேலே செல்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். எனக்கு அவர் சொல்வதே சரியென்று படுகிறது.

எபிரேயக் கவிதைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அறிஞர்கள் கருதும் தெபொராளின் பாட்டு இதற்கு நல்ல சான்று. போரில் தோற்று ஓடிவந்த சேனாதிபதி சிசெரா, யாகேல் என்ற பெண்ணின் கூடாரத்தில் ஒதுங்குகிறான். 'தண்ணீர் கேட்டான், பாலைக் கொடுத்தாள். பெருமக்களுக்குரிய கிண்ணத்தில் கட்டித் தயிர் கொண்டுவந்தாள்.' தண்ணீருக்குப் பால், பாலுக்கும் மேலாகத் தயிர், அதுவும் உயர்ந்த கிண்ணத்தில் என்று உபசாரம் அடிக்கு அடி ஏறுகிறது. அடுத்த அடியில் அவள் கை கூடார முளையைத் தேடிப் போகிறது. இரண்டாமடியை வெறும் எதிரொலியாகப் படித்தால் அந்த ஏற்றமும் தெரியாது, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதும் தெரியாது.

இந்த இணையடி முறை இஸ்ரவேலர் கண்டுபிடித்தது அல்ல. 1928இல் சிரியாவின் கடற்கரையில் ஓர் உழவனின் ஏர் பழைய கல்லறை ஒன்றில் இடித்ததிலிருந்து தொடங்கி, அடுத்த ஆண்டே அருகிலுள்ள ராஸ் ஷம்ரா மேட்டில் அகழாய்வு நடந்து, உகாரித் என்ற நகரமும் அதன் களிமண் பலகைகளும் வெளிவந்தன. கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்தப் பலகைகளில் பாகால் தெய்வத்தைப் பார்த்து, 'இதோ உன் பகைவன், பாகாலே, இதோ உன் பகைவனை நொறுக்குவாய், இதோ உன் எதிரியை வெட்டி வீழ்த்துவாய்' என்ற பொருளில் மூன்று அடிகள் இருக்கின்றன. 92ஆம் சங்கீதத்தில், 'இதோ உம் பகைவர், ஆண்டவரே, இதோ உம் பகைவர் அழிவார்கள். அக்கிரமம் செய்வோர் அனைவரும் சிதறுவார்கள்' என்று அதே ஏணியில் ஏறும் மூன்று அடிகளைக் காணலாம். தெய்வத்தின் பெயர் மாறியிருக்கிறது. பாட்டின் எலும்புக்கூடு மாறவில்லை. உகாரித்தின் பாடகர்களுக்கும் சங்கீதக்காரர்களுக்கும் பொதுவான ஒரு பட்டறை இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

நீதிமொழிகளின் பட்டறை இன்னும் அகன்றது. அந்த நூல் பல தொகுப்புகளின் தொகுப்பு; அதை அதுவே மறைக்காமல் தலைப்புகளில் சொல்லிவிடுகிறது. 25ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், 'இவையும் சாலொமோனின் நீதிமொழிகள், யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவின் ஆட்கள் இவற்றைப் பெயர்த்து எழுதினார்கள்' என்ற குறிப்பு இருக்கிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேம் அரண்மனையில் ஏடு சுமந்து திரிந்த எழுத்தர் கூட்டம் ஒன்று இந்த ஒற்றை வரியில் நம் கண்ணில் பட்டு மறைகிறது. 30ஆம் அதிகாரம் ஆகூர் என்பவனுடையது. 31ஆம் அதிகாரத்தின் முற்பகுதி லேமுவேல் என்ற அரசனுக்கு அவன் தாய் கற்பித்தது. 22ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனத்திலிருந்து தொடங்கும் பகுதியோ எகிப்தோடு உறவுடையது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக 1888இல் வாங்கப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருளில் அமெனெமோபே என்ற எகிப்தியரின் முப்பது இயல் கொண்ட உபதேசம் இருந்தது. அது முழுமையாக அச்சேறிய மறு ஆண்டே, 1924இல், எகிப்தியல் அறிஞர் அடால்ஃப் எர்மன் அதற்கும் நீதிமொழிகளின் அந்தப் பகுதிக்கும் உள்ள ஒற்றுமைகளை எடுத்துக்காட்டினார். ஏழையைக் கொள்ளையிடாதே, எல்லைக்கல்லை நகர்த்தாதே என்பவை இரண்டிலும் வருகின்றன. செல்வம் சிறகு முளைத்துப் பறந்துபோகும் என்பதும் இரண்டிலும் உண்டு. எகிப்தியச் சுருளில் அது வாத்தைப் போலப் பறக்கிறது. நீதிமொழிகளில் கழுகைப் போலப் பறக்கிறது. நைல் நதியின் நாணல் புதர்களிலிருந்து யூதேயாவின் மலைகளுக்கு வரும் வழியில் பறவை மாறிவிட்டது. எங்கிருந்து வந்தாலும் நல்ல சொல்லை எடுத்துக்கொள்வோம் என்ற அந்த எழுத்தர்களின் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீதிமொழிகளில் அலுப்பூட்டும் பகுதிகள் இல்லாமல் இல்லை. பத்தாம் அதிகாரத்திலிருந்து சில அதிகாரங்கள் நீதிமான் இப்படி, துன்மார்க்கன் அப்படி என்று ஒரே தாளத்தில் ஊஞ்சலாடுகின்றன. தொடர்ந்து படிப்பவர் கண்ணயர்ந்தால் குற்றம் சொல்ல முடியாது. திடீரென்று, 'பன்றியின் மூக்கில் பொன் வளையம்: விவேகமில்லாத அழகி' என்று ஒன்று வந்து எழுப்பிவிடும். மூலத்தில் 'போல' என்ற சொல்கூட இல்லை. இரண்டு பொருள்களும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகின்றன, தொடர்பை நாமே கண்டுகொள்ள வேண்டும். ஆகூரின் அதிகாரத்திலோ ஓர் அறிவாளி தன் அறிவின் எல்லையை ரசிக்கிறான்: 'மூன்று காரியங்கள் எனக்கு எட்டாத அதிசயம், நான்கை நான் அறியேன்: வானத்தில் கழுகின் வழி, பாறைமேல் பாம்பின் வழி, நடுக்கடலில் கப்பலின் வழி, இளம்பெண்ணிடத்தில் ஆணின் வழி.' மூன்று என்று சொல்லி நான்காக நீட்டும் இந்த எண் ஏற்றமும் உகாரித் பாடல்களில் உள்ளதுதான்.

இந்த நூலிலேயே சண்டை தொடங்கிவிடுகிறது. 26ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனம், 'மூடனுக்கு அவன் மூடத்தனத்தின்படி பதில் சொல்லாதே, சொன்னால் நீயும் அவனைப் போலாவாய்' என்கிறது. ஐந்தாம் வசனம், 'மூடனுக்கு அவன் மூடத்தனத்தின்படி பதில் சொல், சொல்லாவிட்டால் தன்னை ஞானி என்று எண்ணிக்கொள்வான்' என்கிறது. இடையில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. ஒன்றுக்கொன்று முரண்படுகிறது என்பதற்காக இந்த நூலைப் புழக்கத்திலிருந்து நீக்கிவிட ஞானிகள் எண்ணியதாக, யூத ஞானிகளின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூத் தன் சபத் பகுதியில் பதிவு செய்திருக்கிறது. பிறகு, ஒன்று வேத விஷயங்களில், மற்றது உலக விஷயங்களில் என்று சமாதானம் கண்டு விட்டுவைத்தார்கள். சமாதானம் அவ்வளவு உறுதியானதாக எனக்குத் தோன்றவில்லை. தொகுத்தவர் இரண்டையும் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைத்தார் என்றே நினைக்கிறேன். மூடனோடு பேசி அனுபவப்பட்ட எவருக்கும் இரண்டும் உண்மை என்பது தெரியும்.

இனி விளக்குக்கு வருகிறேன். ஆலிவ் எண்ணெய் ஊற்றி, விளிம்பைக் கிள்ளி உண்டாக்கிய மூக்கில் திரியை வைத்து எரிக்கும் சிறிய மண் அகல் அது. வீட்டில் விளக்கு எரிகிறது என்றால் குடும்பம் வாழ்கிறது என்று பொருள். 31ஆம் அதிகாரத்தில் குணசாலியான பெண்ணைப் புகழும் அரிச்சுவடிப் பாடல், இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை என்கிறது. அணைந்தால் வம்சமும் பெயரும் முடிந்தன என்று கொள்ளலாம். துன்மார்க்கனின் விளக்கு அணையும் என்ற வாக்கு 13ஆம் அதிகாரத்தில் ஒருமுறையும் 24ஆம் அதிகாரத்தில் மறுமுறையும் வருகிறது. இளைஞர்களுக்குச் சொல்லும்போது இது நல்ல வாக்கு. தீயவனைப் பார்த்துப் பொறாமைப்படாதே, அவன் செழிப்பு நிலைக்காது என்ற தைரியத்தை அது தருகிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், வாக்கைத் திருப்பிப் பிடிக்கும்போது. தீயவனின் விளக்கு அணையும் என்பதிலிருந்து, அணைந்த விளக்குக்குச் சொந்தக்காரன் தீயவனாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டுவது எளிது.

யோபுவின் நண்பர்கள் செய்தது அதைத்தான். ஏழாயிரம் ஆடுகளும் மூவாயிரம் ஒட்டகங்களும் பத்துப் பிள்ளைகளும் இருந்த உத்தமன் ஒருவன் எல்லாவற்றையும் இழந்து, உடல் முழுதும் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூவரும் வந்து ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்தவற்றுள் ஆகச் சிறந்தது அந்த ஏழு நாள் மௌனம் என்பது யோபுவைப் படித்த எவரும் சொல்லக்கூடியது. பிறகு யோபு வாய் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறான்; நண்பர்களால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குற்றமற்று அழிந்தவன் எவன், நினைத்துப்பார் என்று எலிப்பாஸ் மென்மையாகத்தான் தொடங்குகிறான். இரண்டாம் சுற்றில் பில்தாத் நீதிமொழியையே எடுத்து வீசுகிறான்: 'துன்மார்க்கனின் வெளிச்சம் அணையும், அவன் கூடாரத்தில் வெளிச்சம் இருளாகும், அவன்மேல் இருக்கும் விளக்கு அணைந்துபோகும்.' பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட சொல் இது. பொதுவாகச் சொல்லும்போது ஞானமாக இருந்த வாக்கியம், ஒரு குறிப்பிட்ட மனிதனைப் பார்த்துச் சொல்லும்போது கொடுமையாகிவிடுவதை இந்தக் கவிஞர் இவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறார்.

யோபு 21ஆம் அதிகாரத்தில் பதில் சொல்கிறான். 'எத்தனை முறை துன்மார்க்கரின் விளக்கு அணைந்திருக்கிறது?' என்று கேட்கிறான். எண்ணிக் காட்டு என்கிறான். அவர்கள் வீடுகள் பயமின்றி இருக்கின்றன, அவர்கள் காளை பொலிந்தால் வீணாவதில்லை, பசு ஈன்றால் கன்று தங்குகிறது, குழந்தைகள் ஆடிப்பாடுகின்றன, அவர்களும் நலமாக வாழ்ந்து ஒரு நொடியில் சாகிறார்கள். தண்டனையைக் கடவுள் அவர்கள் பிள்ளைகளுக்குச் சேர்த்துவைக்கிறார் என்பீர்கள், அவனுக்கே கொடுக்கட்டும், அவனே உணரட்டும், செத்தபின் தன் வீட்டைப் பற்றி அவனுக்கு என்ன அக்கறை என்று கேட்கிறான். அனுபவத்தைச் சாட்சிக்கு அழைத்துக் கோட்பாட்டைக் குறுக்கு விசாரணை செய்யும் இந்தப் பகுதியின் வேகத்துக்கு இணையானவை பழைய இலக்கியங்களில் அதிகம் இல்லை.

கோட்பாட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உண்மையைத்தான் திருத்த வேண்டும். மூன்றாம் சுற்றில் எலிப்பாஸ் அதையும் செய்கிறான். நீ சகோதரரிடம் காரணமின்றி அடகு வாங்கினாய், களைத்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை, விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினாய் என்று குற்றப்பட்டியல் வாசிக்கிறான். அவை எதுவும் நடக்கவில்லை என்பது நூலின் முதல் வரியைப் படித்த நமக்குத் தெரியும். ஆறுதல் சொல்ல வந்த நல்ல மனிதன் ஒருவன், தன் கொள்கை உடையக்கூடாது என்பதற்காகப் பொய்ச்சாட்சி சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறான். அந்தச் சுற்றில் பில்தாத்துக்கு மிஞ்சியவை ஆறே வசனங்கள். சோப்பாருக்கு ஒன்றுமே இல்லை. ஏட்டுப் பிரதிகள் குலைந்ததால் இப்படி ஆயிற்று என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நண்பர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று என்று படிக்கவும் இடமிருக்கிறது. நான் இரண்டாவது வழியில் படிக்கவே விரும்புகிறேன்.

யோபு நீதிமொழிகளை மட்டும் எதிர்க்கவில்லை, சங்கீதத்தையும் எதிர்க்கிறான். 'மனிதன் எம்மாத்திரம், அவனை நீர் நினைப்பதற்கு? மனுபுத்திரன் எம்மாத்திரம், அவனை நீர் விசாரிப்பதற்கு?' என்று 8ஆம் சங்கீதம் நிலவையும் நட்சத்திரங்களையும் பார்த்து வியக்கிறது. இவ்வளவு பெரிய வானத்தைப் படைத்தவர் இந்தச் சிறியவனைக் கவனிக்கிறாரே என்ற நன்றி அது. யோபு ஏழாம் அதிகாரத்தில் அதே வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறான்: மனிதன் எம்மாத்திரம், அவனை நீர் இவ்வளவு பெரிதாக எண்ணுவதற்கு, காலைதோறும் அவனை விசாரிப்பதற்கு, நிமிடந்தோறும் சோதிப்பதற்கு? என் எச்சிலை விழுங்கும் நேரமாவது என்னை விட்டுவிட மாட்டீரா? கடவுளின் பார்வை அன்பாக இருந்த இடத்தில் அது காவலாளியின் கண்ணாக மாறிவிட்டது. மூலச் சங்கீதத்தைத் தெரிந்தவர்களுக்காகவே எழுதப்பட்ட நையாண்டி இது. எழுதியவர் அந்தச் சங்கீதத்தை நேசித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு சரியாகக் குத்தியிருக்க முடியாது.

துன்புறுகிறவனும் நண்பனும் மாறி மாறிப் பேசும் நூல் யோபுவுக்கு முன்பே பாபிலோனியாவில் உண்டு. 27 பாடல்கள், பாடலுக்கு 11 அடிகள், ஒவ்வொரு பாடலின் அடிகளும் ஒரே குறியில் தொடங்குகின்றன. அந்தக் குறிகளைச் சேர்த்துப் படித்தால் இயற்றியவர் பெயர் சக்கில்-கீனம்-உப்பிப் என்று வரும். நெற்றியிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்ட அந்தப் பாபிலோனியரை நமக்குத் தெரிகிறது. யோபுவின் கவிஞர் பெயர் எவருக்கும் தெரியாது. பாபிலோனியப் பாடலில் தெய்வம் வந்து பேசுவதில்லை. யோபுவில் பேசுகிறது. (அதற்கு முன் எலிகூ என்ற இளைஞன் ஆறு அதிகாரங்கள் பேசுகிறான். அவனுக்கு யோபுவும் பதில் சொல்லவில்லை, கடவுளும் பதில் சொல்லவில்லை, முடிவுரையும் அவன் பெயரைச் சொல்லவில்லை. நானும் கடந்துபோகிறேன்.)

சுழல்காற்றிலிருந்து வரும் அந்தப் பேச்சு, யோபு கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லாதது என்று குறைப்படுவோர் உண்டு. உன் குற்றம் இது என்றும் சொல்லவில்லை, நீ குற்றமற்றவன் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மனிதனில்லாத ஓர் உலகத்தைச் சுற்றிக் காட்டுகிறது. மனிதர் குடியில்லாத பாலைநிலத்தில் மழை பெய்வது யார் பொருட்டு என்று கேட்கிறது. வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, ஊரின் இரைச்சலைப் பார்த்துச் சிரிக்கும் காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டவர் யார், முட்டையை மணலில் விட்டுவிட்டுப் போகும் தீக்குருவிக்குக் கடவுள் புத்தி வைக்கவில்லைதான், ஆனால் அது எழும்பி ஓடும்போது குதிரையையும் குதிரைவீரனையும் பார்த்து நகைக்கிறது. பலனும் தண்டனையும் அளந்து கொடுப்பதற்காகவே உலகம் ஓடுகிறது என்று எல்லாரும் 35 அதிகாரங்களாக வாதாடிய பிறகு, அந்தக் கணக்கில் அடங்காத பிராணிகளின் அணிவகுப்பு இது. நண்பர்களின் கோட்பாட்டுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு இருக்க முடியாது. முடிவுரையில் அது வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது: என் தாசனாகிய யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் எலிப்பாஸிடம் கோபிக்கிறார். மதத்தைக் காக்க வந்தவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள்; கடவுளை வழக்குக்கு இழுத்தவன் அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முடிவுரையில் ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்புவதைப் பார்த்தால், நண்பர்கள் சொன்னதே கடைசியில் நடந்துவிட்டதோ என்ற ஐயம் எழும். எனக்கும் அந்தப் பக்கம் முழு நிறைவு தருவதில்லை. ஆனால் எண்களைக் கவனித்தால் கவிஞர் அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை என்பது புலப்படும். ஆடுகள் 14,000, ஒட்டகங்கள் 6,000 என்று எல்லாம் இரண்டு மடங்கு. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். மகன்களின் பெயர்கள் சொல்லப்படவில்லை. எமீமா, கெத்சீயாள், கேரேனாப்புக் என்று மகள்களின் பெயர்கள் சொல்லப்பட்டு, சகோதரரோடு அவர்களுக்கும் சொத்தில் பங்கு கொடுக்கப்படுகிறது. அநீதியை இவ்வளவு அனுபவித்த ஒருவன் தன் வீட்டு வழக்கத்தை மாற்றிக்கொண்டான் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பிரசங்கியின் குரல் முற்றிலும் வேறு. யோபு கத்துகிறான், ஏனென்றால் நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறான், பிரசங்கி கத்துவதில்லை. எருசலேமின் ராஜா என்று வேடமிட்டுப் பேசினாலும், பாரசீகத்திலிருந்து வந்த சொற்கள் நடுவே கிடப்பதால், சாலொமோனுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர் இவர் என்பதில் மொழி ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஞானத்தை இவர் இகழவில்லை. இருளைவிட வெளிச்சம் எவ்வளவு மேலானதோ அவ்வளவு மூடத்தனத்தைவிட ஞானம் மேலானது, ஞானியின் கண்கள் தலையில் இருக்கின்றன, மூடனோ இருளில் நடக்கிறான் என்று நீதிமொழிகளின் ஆசிரியர் எவரும் ஒப்பும்படி தொடங்குகிறார். உடனே இரண்டாமடி வருகிறது: ஆயினும் இருவருக்கும் ஒரே முடிவுதான் நேரிடுகிறது என்று கண்டேன். விளக்கு யாருடையதாக இருந்தாலும் எண்ணெய் தீரும். நீதிமானுக்குத் துன்மார்க்கனின் பலனும் துன்மார்க்கனுக்கு நீதிமானின் பலனும் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று எட்டாம் அதிகாரத்தில் சொல்லும்போது, யோபுவுக்கு இருந்த ஆத்திரம் அதில் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் கொடுக்கும் யோசனையும் புதியதன்று. உன் அப்பத்தை மகிழ்ச்சியோடு சாப்பிடு, திராட்சரசத்தைக் குடி, உடை வெண்மையாக இருக்கட்டும், தலையில் எண்ணெய் குறையாதிருக்கட்டும், நீ நேசிக்கும் மனைவியோடு வாழ் என்று ஒன்பதாம் அதிகாரம் சொல்வதை, அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே சாகாவரம் தேடி அலைந்த, பழைய மெசொப்பொத்தேமியக் காவியத்தின் நாயகன் கில்காமேசுக்குச் சிதூரி என்ற மதுக்கடைக்காரி ஏறத்தாழ அதே வரிசையில் சொல்லியிருக்கிறாள். அவளோ, 'உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தை' என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள். பிரசங்கி அதை விட்டுவிட்டார். அது எனக்கு ஒரு குறையாகவே தெரிகிறது.

இந்த நூல் பரிசுத்த நூல்களில் சேருமா என்று யூத ஞானிகள் வாதிட்டதை, அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்திருக்கிறது. உன்னதப்பாட்டைப் பற்றியும் அதே இடத்தில் வாதம் நடக்கிறது. நூலுக்குள்ளேயே அந்தத் தயக்கம் தெரிகிறது. கடைசி ஆறு வசனங்களில் வேறொருவர் பேசுகிறார்; பிரசங்கியைப் படர்க்கையில் குறிப்பிட்டு, அவர் ஞானி, செம்மையான சொற்களைத் தேடினார் என்று பாராட்டிவிட்டு, ஞானிகளின் சொற்கள் தாற்றுக்கோல் போன்றவை என்று எச்சரித்து, புத்தகங்களைப் பெருக்குவதற்கு முடிவே இல்லை என்று அலுத்துக்கொண்டு, கடவுளுக்குப் பயந்து அவர் கட்டளைகளைக் கைக்கொள், மனிதனின் கடமை எல்லாம் இதுவே என்று முடித்துவைக்கிறார். இந்த வசனங்கள் இல்லாவிட்டால் நூல் பிழைத்திருக்காது என்று பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தத் தொகுப்பாளர் தமக்கு முன்னே இருந்த பன்னிரண்டு அதிகாரங்களில் சங்கடமான வரிகளை அழிக்க முயலாமல், கடைசியில் தம் பதிலை எழுதிச் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டார்.

அவருடைய பதிலுக்கும் பின்னால் வந்தவர்கள் ஒன்று செய்தார்கள். ஏசாயா, பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளின் தொகுப்பு, புலம்பல், பிரசங்கி ஆகிய நான்கும் கடுமையான வசனத்தோடு முடிவதால், கடைசி வசனத்தைப் படித்த பிறகு அதற்கு முந்தின வசனத்தை மீண்டும் ஒருமுறை படித்து முடிப்பது யூத வழக்கம்; பல எபிரேயப் பதிப்புகளில் அந்த வசனம் இரண்டாம் முறையும் அச்சிடப்பட்டிருக்கும். புலம்பலில் அதற்கான காரணம் வெளிப்படை: 'எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ' என்ற தொனியோடு அது முடிகிறது. பிரசங்கியிலோ கடைசி வசனம் தொகுப்பாளரின் பக்தி வசனம்தான். ஒவ்வொரு செயலையும், மறைவானவை உட்பட, நன்மையானாலும் தீமையானாலும் கடவுள் நியாயத்தில் கொண்டுவருவார் என்கிறது. மனிதனுக்கும் மிருகத்துக்கும் ஒரே முடிவு என்று சொன்ன பிரசங்கியின் சொற்களைப் படித்துக் கடந்துவந்த வாசகர்கள், இந்த ஒரு வரியோடு நூலை மூடிவைக்கத் தயங்கி, முந்தின வரிக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.